நாலு மணிப் பாண்

திருகோணமலைக்குப் போய் இறங்கிய அன்று குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. வயது இருபத்திரண்டு. குழந்தை எந்த மாதத்தில் குப்புற விழும், எந்த வயதில் பொய் சொல்லப் பழகும், தாயைப் பிரிந்தால் முதல் வாரம் என்ன செய்யும், மூன்றாம் வாரம் என்ன செய்யும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மதுரையில் முதுகலை இரண்டாம் ஆண்டு. குழந்தைப் பருவத்தைப் பற்றிய படிப்பு. முடித்துவிட்டால் குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை பார்க்கலாம் என்று எங்கள் துறைக் கையேட்டில் அச்சடித்திருந்தார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் ஏதாவது ஓர் இல்லத்தில் களப்பயிற்சி.

கூடப் படித்தவர்களுக்குத் திண்டுக்கல், தூத்துக்குடி என்று வாய்த்தது. எங்கள் பேராசிரியைக்குத் தெரிந்த ஒருவர் திருகோணமலையில் ஒரு பிள்ளைகள் இல்லத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். கடல் தாண்டிப் போக யாருக்கு இஷ்டம் என்று பேராசிரியை கேட்டபோது முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் நான்தான். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தங்க ஏற்பாடாகியிருந்தது கச்சேரி என்று அங்கே சொல்லும் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஒருவர் வீட்டில். அவர் மனைவி செல்வராணி அக்கா என்னை உட்கார வைத்து, பால் இல்லாத தேநீர் ஒன்றைக் கையில் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியும் வைத்தார். நான் அந்தச் சீனியை அப்படியே தேநீருக்குள் தட்டிக் கலக்கிவிட்டேன். வீட்டில் எல்லோரும் என் வெறுங்கையைப் பார்த்தார்கள். அந்தச் சீனி, நக்கிக்கொண்டே குடிப்பதற்காம். ஒரு நக்கு, மூன்று மிடறு. அன்றைக்கு அக்கா சீனி இல்லாமலே குடித்தார் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

இரவுச் சாப்பாடு அவித்த மரவள்ளிக்கிழங்கும் மீன் சொதியும். மீனுக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. எங்கள் ஊரில் ஐஸ் பெட்டியில் கிடந்து கண் வெளுத்துப்போன மீனையே பார்த்தவளுக்கு அது பெரிய விருந்துதான். ஆனால் அந்த வீட்டுக் குழந்தைகள் இரண்டும் மீனைத் தொடாமல், "சோறு எப்ப?" என்று தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் விடிவதற்கு முன்பே அக்காவோடு பாண் வரிசைக்குப் போனேன். ரொட்டிக்கு அங்கே பாண் என்றுதான் பெயர். கூட்டுறவுச் சங்கக் கடைக்கு முன்னால் வரிசை வளைந்து வளைந்து பஸ் நிலையம் வரை நின்றது. பக்கத்தில் குப்பை மேட்டில் புள்ளிமான்கள் இரண்டு காகிதத்தைத் தின்றுகொண்டிருந்தன. அந்த ஊரில் மான்கள் ஆடுமாடு போலத் தெருவில் திரிகின்றன. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "இந்த வரிசையில நிண்டு எங்கட தங்கச்சிக்குக் கலியாணம் பேசி, சாதகமும் பாத்து முடிஞ்சுது. பாண்தான் இன்னும் வரேல்ல." வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோரும் திரும்பக் கடைக் கதவைப் பார்த்தார்கள்.

இல்லம் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய ஓட்டு வீடு. பெரிய துறைமுகம், அதில் கப்பல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் பார்த்த கடல்களிலேயே மனதுக்கு ஆறுதல் தராத கடல் அது ஒன்றுதான்.

முப்பத்துநாலு பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தாய் தகப்பன் இருந்தார்கள், வீட்டில் சாப்பாடு இல்லாததால் கொண்டுவந்து விட்டவர்கள். இல்லத்தைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து, சிரிப்பு என்பது கிடையாது. பிள்ளைகள் எல்லாம் தின்று முடித்தபிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார் என்பதையும், சில நாள் அவருக்கென்று ஒன்றும் மிஞ்சாது என்பதையும் பார்த்தேன். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்.

என் வேலை என்னவென்றால், ஒரே ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, தினமும் பிற்பகல் இரண்டு மணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்து, அது செய்வதை எல்லாம் நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். மூன்று விதிகள். பிள்ளையிடம் பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது; நாற்காலி மேசை மாதிரி இருக்க வேண்டும். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'பாவம்', 'சோகம்' என்றெல்லாம் எழுதினால் சிவப்பு மையால் அடித்துவிடுவார்கள். மூன்றாவது, ஒவ்வொரு நாள் குறிப்பின் அடியிலும் இல்லத்துத் தலைவரின் கையெழுத்து வாங்க வேண்டும், நாங்கள் விடுதியில் படுத்துக்கொண்டு கதை அளக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக.

நான் தேர்ந்தெடுத்தது தவமலர். ஆறு வயது. வாங்கு என்று அவர்கள் சொல்லும் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. நீல நிறச் சட்டை, அளவுக்குப் பெரியது. நெற்றியில் பழைய தழும்பு. ஊர் சாம்பல்தீவு, பட்டணத்துக்கு வடக்கே நாலைந்து மைல். தகப்பன் மீன்பிடிக்க வேறு கரைக்குப் போனவன், திரும்பி வரவில்லை. தாய் பூமணியிடம் கைக்குழந்தை ஒன்று இருந்தது. வெள்ளாமை வெட்டு முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தாய் கைநாட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். அங்கே நெல் அறுவடைக்கு அதுதான் பெயர். அதாவது இன்னும் மூன்று வாரம்.

மூன்றாம் நாள் குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: நாலு மணி, பாணும் தேநீரும் வருகின்றன. குழந்தை பாணை இரண்டாகப் பிய்க்கிறது. ஒரு பாதியைத் தின்கிறது. மறு பாதியைச் சட்டைக்குள் வைக்கிறது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: உணவைப் பதுக்குதல், பாதுகாப்பின்மையின் அறிகுறி. அந்த வரியை எழுதியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். புத்தகத்தில் படித்தது கண்முன்னால் நடந்தால் மாணவிக்கு வேறு என்ன வேண்டும்.

நாலாம் நாள் அவள் என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றாள். என் குறிப்பு நோட்டை, அவர்கள் பேச்சில் கொப்பியை, பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பாண் தரேல்லயோ?" என்று கேட்டாள்.

நான் விதிப்படி பதில் சொல்லவில்லை; கண்ணைக்கூட நிமிர்த்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். குறிப்பில் எழுதினேன்: நாலு ஐந்து, குழந்தை பார்வையாளரிடம் பேச முயல்கிறது, பதில் இல்லாததால் விலகுகிறது.

ஐந்தாம் நாள் அவள் பாண் பாதியோடு கிணற்றுப் பக்கம் போனாள். நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பின்வேலி தென்னங்கீற்றில் முடைந்த கிடுகு வேலி. ஓர் இடத்தில் கிடுகு இற்று, ஒரு கை நுழையும் அளவுக்குச் சந்து. நாலு பத்துக்கு அந்தச் சந்து வழியாக ஒரு பெண்ணின் கை உள்ளே வந்தது. கண்ணாடி வளையல் ஒன்றே ஒன்று. தவமலர் பாணைக் கொடுத்தாள். கை பாணை வாங்கி வெளியே போய், வெறுங்கையாகத் திரும்ப வந்து, அவள் தலையைத் தடவியது. நெற்றித் தழும்பைத் தடவியது. பிறகு போய்விட்டது. அவ்வளவும் மூன்று நிமிடம்.

நான் ஒன்றுவிடாமல் எழுதினேன். வளையலையும் எழுதினேன். என் எழுத்திலேயே மிகச் சிறந்த பக்கம் அதுதான் என்று பின்னால் பேராசிரியையும் சொன்னார். அன்று மாலை கையெழுத்துக்காகக் கொப்பியை மேட்ரன் அம்மாவின் மேசையில் வைத்தேன். வழக்கமாகப் படிக்காமலே போடுகிறவர், அன்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என் எழுத்தை ஒருவர் இவ்வளவு கவனமாகப் படிக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதைவிட மண்டு யாராவது உண்டா.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அக்காவின் வீட்டுக்காரர் கிண்ணியாவுக்கு அரிசி தேடிப் போனார், நானும் அக்காவும் ஒட்டிக்கொண்டோம். நடுவில் கடல் நீர். தெப்பம் போன்ற ஒரு பெரிய தட்டையான படகு, பஸ்ஸையும் ஆட்களையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரை போகிறது. அதைப் பாதை என்கிறார்கள். பாதி வழியில் பாதையின் இயந்திரம் இருமி இருமி நின்றுவிட்டது. ஆண்கள் ஆளுக்கொரு கோலை எடுத்துத் தள்ளத் தொடங்கினார்கள். யாருக்கும் அவசரமோ கோபமோ இல்லை. எங்கள் ஊரில் டவுன் பஸ் இரண்டு நிமிடம் நின்றாலே கண்டக்டரின் பரம்பரையை இழுத்திருப்பார்கள்.

பக்கத்தில் நின்ற கிண்ணியாப் பெண் ஒருத்தி மூட்டையைச் சரிசெய்ய வேண்டி, கேட்காமல் கொள்ளாமல் தன் குழந்தையை என் கையில் திணித்தாள். ஏழெட்டு மாதக் குழந்தை. நான் அதை விறைப்பாக நீட்டிப் பிடித்திருந்தேன். அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வீறிட்டது. அக்கா பக்கத்தில் இருந்தவர்களிடம், இந்தப் பிள்ளை இந்தியாவில் குழந்தைகளைப் பற்றித்தான் பெரிய படிப்புப் படிக்கிறது என்று சொல்லிவைத்தார். கோல் தள்ளியவர்கள்கூடத் தள்ளுவதை நிறுத்திச் சிரித்தார்கள்.

அந்தத் தாய் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "புள்ளயத் தூக்குற பாடம் இன்னும் வரல்லையாக்கும், தங்கச்சி," என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். பிறகு தன் மூட்டையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அந்த ஊரில் நான் மனம் விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

அரிசி கிடைக்கவில்லை. பேரீச்சம்பழத்தை அக்கா பிள்ளைகள் இரண்டுக்கும் பாதி பாதியாகக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை நாலு மணிக்குத் தவமலர் வழக்கம்போலப் பாணைப் பிய்த்தாள், பாதியைத் தின்றாள், கிணற்றுப் பக்கம் போனாள். வேலியில் அந்த இடத்தில் புதிதாகத் தகரம் அடித்திருந்தது. ஆணிகள் பளபளவென்று இருந்தன. அவள் தகரத்துக்கு முன்னால் நின்றாள். நாலு பத்து, நாலு இருபது, நாலரை. அந்தப் பக்கம் யாரோ தகரத்தை விரலால் மெதுவாகத் தட்டினார்கள். இவளும் தட்டினாள். தகரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் பாணைத் தள்ளிப் பார்த்தாள், நுழையவில்லை. பாண் மண்ணாயிற்று. அதை ஊதி ஊதித் துடைத்து மறுபடியும் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பாண் மண்ணானதையும் எழுதினேன். எழுந்து போய் அந்தப் பிள்ளையைத் தூக்கியிருக்கலாம். 'பார்வையாளர் குறுக்கிடக்கூடாது' என்ற விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் உண்மை.

அன்று மாலை மேட்ரன் அம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். நன்றி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"குசினியில சமைக்கிற மனுசிதான் பாண் கடத்துறா எண்டு கமிட்டியில ஒராள் ஒரே கதை. பாவம், அவ கிழமைக்கணக்கா அழுதுகொண்டிருக்கிறா. இப்ப உங்கட கொப்பியால அவட பேர் தப்பிச்சுது."

இல்லத்தின் சாப்பாடு வேலி தாண்டினால் அந்தப் பிள்ளையை வேறு இல்லத்துக்கு மாற்றுவது என்பது கமிட்டி முன்பே எழுதிவைத்த விதி. மலைநாட்டுப் பக்கம் ஓர் இல்லத்தில் இடம் கேட்டிருக்கிறார்களாம். அங்கே உறவுக்காரர்கள் வேலியைச் சுற்ற முடியாது. இந்த வாரமே முடிவு வரும் என்றார். சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் குடும்பத்தைப் பார்க்கும் நாள். அது என் அட்டவணையில் மதுரையிலேயே எழுதிய தேதி. படிவம் ஒன்று இருந்தது, நாற்பது கேள்விகள். நிலாவெளி பஸ் உப்புவெளி தாண்டி நின்றுவிட்டது. டயரைப் பார்த்துவிட்டு டிரைவர் வேலியோரம் படுத்துக்கொண்டார். மிச்ச தூரத்தை வெயிலில் நடந்தேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

பூமணிக்கு என் வயதுதான் இருக்கும், மிஞ்சினால் இரண்டு கூட. அந்தக் கண்ணாடி வளையலைக் கண்டதும் என் ஒத்திகை எல்லாம் மறந்துபோயிற்று. கதிரை இல்லை என்று கூச்சப்பட்டுப் பாயை விரித்தாள். ஒன்றரை வயது மகன் அவள் சேலையைப் பிடித்தபடி நின்றான். தினமும் கீரையும் கிழங்கும் ஓலைக் கடகத்தில் சுமந்து பட்டணத்துக்கு நடந்து போய் விற்று வருவாளாம். திரும்புகிற வழியில்தான் அந்த வேலி.

அடுப்பை ஊதித் தேநீர் வைத்தாள். பிறகு ஒரு பால்மா டின்னைத் திறந்தாள். உள்ளே காய்ந்து விறைத்த பாண் துண்டுகள், ஒவ்வொன்றும் பாதிப் பாதி. ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"மகள் தாறது. வெயில்ல காயவைச்சு வைச்சனான், சின்னவனுக்கு நனைச்சுக் குடுக்க. நீங்கள் கடல் தாண்டி வந்திருக்கிறீங்கள், வெறுந் தேத்தண்ணி தரக்கூடாது."

அந்தப் பையன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பாணைத் தேநீரில் நனைத்துத் தின்றேன், முழுவதையும் தின்றேன். அதன் பிறகு எவ்வளவோ ஊர்களில் எதை எதையோ சாப்பிட்டிருக்கிறேன். வேறொரு பிள்ளையின் பங்கைத் தின்றது அன்று மட்டும்தான்.

"நேற்று வேலியில தகரம் அடிச்சிருக்கு. தட்டினனான், உள்ளுக்கை இருந்தும் தட்டினது. பிள்ளைக்குச் சுகம்தானே?"

சுகம்தான் என்றேன். வேலியைப் பழுதுபார்க்கிறார்கள் என்றேன். அவள் முகம் தெளிந்தது. நான் சொன்ன பொய்யை நம்பி அவள் முகம் தெளிந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் ரெண்டு கிழமைதான். தம்பலகாமத்தில வெட்டுத் தொடங்கிட்டுது. கூலியா நெல்லுத் தருவினம். நெல்லோட வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன் எண்டு அவளிட்டச் சொல்லுங்கோ."

படிவத்தில் நாற்பது கேள்விகளையும் நிரப்பினேன். 'தாய்க்குக் குழந்தையிடம் உள்ள பிணைப்பு' என்ற கேள்விக்கு எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன: குறைவு, நடுத்தரம், அதிகம். அதிகம் என்பதில் குறி போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பியதும் நேரே மேட்ரன் அம்மாவிடம் போனேன். கொப்பியில் எழுதியது தப்பு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன், குறைந்தது இரண்டு வாரம் பொறுங்கள் என்று மன்றாடினேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் கல்லு மனசுக்காரி இல்லை, மிஸ். இண்டைக்கு ஒரு தாய்க்கு விட்டால் நாளைக்கு வேலி முழுக்கக் கையாத்தான் இருக்கும். ஆருக்குக் குடுக்கிறது, ஆருக்கு ஏலாது எண்டுறது? எனக்குச் சொல்லித் தாங்கோ."

நான் படித்த எந்தப் பாடத்திலும் அந்தக் கேள்வி வரவில்லை.

வியாழக்கிழமை உத்தரவு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. சனிக்கிழமை காலை நான் ஊருக்குப் புறப்படுகிறேன். மாகோ சந்தி வரை என் ரயிலும் அந்தப் பிள்ளையின் ரயிலும் ஒன்றுதான். துணைக்கு ஆள் அனுப்ப இல்லத்தில் ஆள் இல்லை. நான் கூட்டிக்கொண்டு போய்ச் சந்தியில் அந்த இல்லத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டால் பெரிய உதவி. மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். நான் மாட்டேன் என்றால் யாரோ தெரியாத ஒருவரோடு அனுப்புவார்கள். அப்படிச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி சாம்பல்தீவுக்கு ஓடினேன். இந்தத் தடவை பஸ் நிற்கவில்லை. பூமணியின் குடிசைக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து வளவில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண், பூமணி நேற்றே சின்னவனையும் தூக்கிக்கொண்டு தம்பலகாமத்துக்கு வெள்ளாமை வெட்டப் போய்விட்டாள் என்றாள். எந்த வயல், யாருடைய வயல் என்று அவளுக்குத் தெரியவில்லை. முன்கூட்டிப் போனால் முன்கூட்டி மகளைக் கூட்டிவரலாம் என்று போனாளாம்.

என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மலைநாட்டு இல்லத்தின் விலாசத்தையும் செல்வராணி அக்கா வீட்டு விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையை மாற்றுகிறார்கள், பூமணி வந்ததும் கொடுங்கள் என்றேன். ஏன் மாற்றுகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

சனிக்கிழமை காலை தவமலரை ஒரு துணிப் பையோடு ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வழிக்கென்று ஒரு துண்டுப் பாணைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார் மேட்ரன் அம்மா. வழக்கமாகக் கொடுப்பதைவிடப் பெரிய துண்டு. பிள்ளையின் தலையை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, புது ரிப்பனும் கட்டிவிட்டிருந்தார்.

ரயில் கிளம்பியதும் ஜன்னல் பக்கம் அவளை உட்காரவைத்தேன். பசிக்கிறதா என்று கேட்டேன். அவள் சட்டென்று திரும்பி என் வாயைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கதைக்கத் தெரியுமோ? ஏலாது எண்டெல்லோ நினைச்சனான்."

பத்து நாள் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நான். ஊமை என்று நினைத்துத்தான் பாண் கிடைத்ததா என்று விசாரித்திருக்கிறாள்.

பொட்டலத்தைப் பிரித்து, பாணை இரண்டாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தின்றாள். மறு பாதியைச் சட்டைக்குள் வைத்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டாள். வேறு ஒரு பள்ளிக்கூடம் என்றேன். அம்மாவுக்குத் தெரியுமா என்றாள். அம்மா தம்பலகாமத்தில் வெள்ளாமை வெட்டுகிறார், நெல்லோடு வருவதாகச் சொல்லச் சொன்னார் என்றேன். ஒப்படைக்க வேண்டிய செய்தியை ஒருவழியாக ஒப்படைத்தேன். கொடுத்த இடம்தான், அவளைத் தாயிடமிருந்து தூரக் கொண்டுபோகும் ரயில்.

தம்பலகாமம் வந்தது. இருபுறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் விளைந்த வயல். நாட்டில் அரிசி இல்லை என்றால் அந்த இடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். தூரத்தில் பெண்கள் வரிசையாகக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். தலையில் துணி, முகம் தெரியவில்லை. தவமலர் வாங்கின் மேல் ஏறி நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதில அம்மா நிக்கிறாவோ?"

"ஓம்," என்றேன். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்; இரண்டு வாரமாக என் வாயில் நுழையாமல் இருந்தது.

அவள் சட்டைக்குள்ளிருந்த பாணை எடுத்து, கம்பிக்கு நடுவே கையை விட்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தாள். அது தண்டவாளத்து ஓர வாய்க்கால் தண்ணீரில் விழுந்ததை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை, அவள் கண் வயலில் இருந்தது. குனிந்திருந்தவர்களில் ஒருத்தியும் நிமிரவில்லை. பிறகு அவள் உட்கார்ந்து, கையை ரிப்பனில் துடைத்துக்கொண்டாள். மாகோவில் அந்த இல்லத்துப் பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வரவில்லை. தவமலர் அழவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ரயிலில் நடந்ததை நான் குறிப்பில் எழுதவில்லை. மற்றதெல்லாம் இருந்தது. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். 'பார்வையாளர் எங்கும் குறுக்கிடவில்லை' என்று பேராசிரியை கடைசிப் பக்கத்தில் எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்துச் செல்வராணி அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பெண் பூமணி நெல்லைக் குற்றி அரிசியாக்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனாளாம். அங்கே விஷயம் தெரிந்ததும், ஊருக்கு ஓடி, நான் பக்கத்து வளவில் கிழித்துக் கொடுத்த தாளை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். சிங்களம் ஒரு சொல் தெரியாது. மூன்று பஸ் மாற வேண்டும். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுநாளே புறப்பட்டுவிட்டாளாம். பிறகு என்ன ஆயிற்று என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

கடிதத்தின் கடைசியில் அக்கா இப்படி எழுதியிருந்தார்: 'தெரிஞ்ச முகம் ஒண்டு பிள்ளையோட கூடப் போனது பெரிய காரியம் எண்டு உங்களைச் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டாள். உங்களுக்கெண்டு அளந்து ஒரு சுண்டு புது அரிசி இங்கே குடுத்திட்டுப் போயிருக்கிறாள். கடல் தாண்டி அரிசி அனுப்ப விடமாட்டினம். நான் அதை என்ன செய்யட்டும் தங்கச்சி, எழுதுங்கோ.'

அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை நான் பதில் எழுதவில்லை.